சங்கு ஊத வருக, வருக!

எங்கள் ஊரைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டு நிம்மதியாக ஊர் திரும்பியவர்கள் இதுவரை யாரும் கிடையாது. ஊர்க்காரர்களின் ரோஷம்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். யார் என்ன சொன்னாலும் "ஆமாங்க, அப்படித்தாங்க" என்று சிரித்துக்கொண்டே தலையாட்டுகிற ரகம் நாங்கள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே ஒரு மனிதர். அவர் பெயர் ஆட்சேபணை.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கத்தான் செய்யும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் மனைவி ராசாத்தி அக்காவே கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம், "ஆட்சேபணை வீடுன்னு கேளுங்க தம்பி, சின்னப் புள்ளகூடக் காட்டும்" என்றுதான் வழி சொல்வார்.

புதுக்கோட்டைக்கு வெளியே, திருவரங்குளம் போகிற பாதையில், ஒரு நூல் மில் இருந்தது. அதில் அவர் ஃபிட்டர். சங்கக் கூட்டத்தில் தீர்மானத்தை வாசித்து முடித்ததும் தலைவர், "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று ஒரு சடங்குக்குக் கேட்பார். கேட்கும்போதே காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருப்பார். யாருக்கும் ஆட்சேபணை இருக்கக் கூடாது என்பதுதானே உலக வழக்கம். எங்கள் ஆள் மட்டும் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "இருக்குங்க" என்பார். ஒருமுறை இரங்கல் தீர்மானத்துக்கே எழுந்துவிட்டார்.

"அன்னார் சிறந்த பண்பாளர்னு வாசிச்சீங்க. அவரு கேன்டீன்ல டம்ளரத் தூக்கி எறிஞ்சவருங்க. நல்ல வேலைக்காரர்னு போடுங்க, நானும் சேந்து அஞ்சலி செலுத்துறேன். பண்பாளர்னு போட்டா ஒத்துக்க முடியாது."

கூட்டம் முழுக்க இரங்குவதற்காக எழுந்து நின்றபடியே அரை மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் 'பண்பாளர்' எடுக்கப்பட்டு 'உழைப்பாளி' சேர்க்கப்பட்டது. அன்றிலிருந்து அவருக்கு அதுவே பெயர்.

பிறகு மில்லை மூடினார்கள். என் அப்பாவும் அங்கே ஸ்பின்னிங் பிரிவில் இருந்தவர்தான். அதனால் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் சூடாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூடியவர்கள் யார்? முதலாளிமார். அவர்கள் இப்போது வேறு ஊரில் வேறு தொழில் செய்துகொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். கெட்ட பெயர் யாருக்கு? எங்களுக்கு. "அந்த ஊர்க்காரங்க கொடி புடிச்சே மில்ல மூட வச்சவங்க" என்று, கொடியையும் பார்க்காத, மில்லையும் பார்க்காத ஆட்கள் டீ குடித்துக்கொண்டு சொல்கிறார்கள். மில்லைத் தொடர்ந்து ஆயில் மில் போயிற்று. சைக்கிள் பார்ட்ஸ் செய்த பட்டறைகள் போயின. தொழிற்பேட்டையில் ஆடு மேய்கிறது. சினிமா தியேட்டரும் மூடிக் கிடக்கிறது.

போதாததற்கு இன்னொரு அவமானம். நான் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. எங்கள் இலாகா மட்டுமல்ல, எந்த இலாகாவாக இருந்தாலும் மேலதிகாரிக்குக் கோபம் வந்தால் என்ன சொல்கிறார் தெரியுமா? "புதுக்கோட்டைப் பக்கம் தூக்கி அடிச்சிருவேன்!" தண்ணியில்லாத காடாம் நாங்கள். நாங்கள் பிறந்து, படித்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று வாழ்கிற ஊர், இன்னொருவர் செய்த தப்புக்குத் தண்டனையாம்! அப்படித் தண்டனையில் வந்தவர்களுக்கு மணமேல்குடி மீன் வாங்கிக் குழம்பு வைத்துப் போட்டு, ஒரு சுற்று பெருக்க வைத்து அனுப்புவதும் நாங்களேதான். எங்களைச் சொல்ல வேண்டும்.

ஆட்சேபணை மட்டும் மீன் குழம்பு ஊற்ற மாட்டார். சண்டை போடுவார்.

மில் மூடியபின் எங்கள் பஸ் நிறுத்தத்துக்கும் பெயர் மாறிப்போயிற்று. முன்பு 'மில் கேட்'. இப்போது கண்டக்டர்கள், "மூடுன மில்லு, மூடுன மில்லு! மூடுன மில்லெல்லாம் வாசலுக்கு வா!" என்கிறார்கள். நாங்களும் வாசலுக்குப் போவோம். ஆட்சேபணை இருக்கையை விட்டு அசைய மாட்டார்.

"பெரியவரே, ஒங்க ஸ்டாப்பிங் வந்துருச்சு."

"எந்த ஸ்டாப்பிங்?"

"மூடுன மில்லு."

"நான் டிக்கெட்டு வாங்குனது மில் கேட்டுக்கு. அது வந்தாச் சொல்லுங்க தம்பி, எறங்குறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் பெரியவரே."

"எப்படிங்க ஒண்ணாகும்? ஒங்க தாத்தா தவறிட்டாருன்னு வையிங்க. ஒங்கப்பாரு யாருன்னு கேட்டா, செத்தவரு மகன்னா சொல்லுவீங்க? பேரச் சொல்ல மாட்டீங்க?"

பஸ் நிற்கும். பின்னால் லாரி ஹாரன் அடிக்கும். திருவரங்குளம் போகிறவர்கள் கூச்சல் போடுவார்கள். கடைசியில் டிரைவர் முன்னாலிருந்து, "மில் கேட்டு! மில் கேட்டு! எறங்கு சாமி, ஒனக்குப் புண்ணியமாப் போகும்!" என்று அலறுவார். ஆட்சேபணை எழுந்து, கண்டக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்குவார். பிடிவாதக்காரக் கண்டக்டர் ஒருவர் அவரை இறக்காமல் திருவரங்குளத்துக்கே கொண்டுபோய்விட்டார். இவர் அசரவில்லை. வந்தது வந்தோம் என்று கோயிலில் சிவனைக் கும்பிட்டுவிட்டு அதே பஸ்ஸில் ஏறி, அதே இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, திரும்பி வரும்போதும் அதே கேள்வியைக் கேட்டார். மறுவாரம் அந்தக் கண்டக்டர் வேறு ரூட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டதாகக் கேள்வி.

கோயில் திருவிழாவுக்கு ஒரு பட்டிமன்றம். வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் மைக்கைப் பிடித்ததும், "இந்த ஊர்ல ரெண்டே தொழில்தாங்க. ஒண்ணு வெளியூர் போறது. இன்னொண்ணு, போனவன் எப்ப வருவான்னு பஸ் ஸ்டாண்டுல நின்னு பாக்குறது!" என்றார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. எனக்கு எரிச்சலே அதுதான். திட்டுகிறவர்களைவிட அதற்குக் கைதட்டுகிற எங்கள் கைகளைத்தான் முதலில் ஒடிக்க வேண்டும். ஆட்சேபணை எழுந்தார்.

"ஆட்சேபணை இருக்குங்க. இங்கிட்டுக் குடுமியான்மலை இருக்கே, போயிருக்கீகளா?"

"இல்லீங்களே ஐயா."

"சங்கீதத்தையே பாறையில வெட்டி வச்சிருக்காக. அதையும் ஒரு தொழிலாளிதானே வெட்டியிருப்பான்? போய்ப் பாத்துட்டு வாங்க. வந்து பேசுங்க. நாங்க இங்கயே இருக்கோம்."

சொல்லிவிட்டு மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பேச்சாளர் இந்தப் பக்கம் நகர்ந்தால் இவர் தலை தெரிந்தது. அந்தப் பக்கம் நகர்ந்தாலும் இவர் தலைதான் தெரிந்தது. நடுவர் அன்றைக்குத் தீர்ப்பே சொல்லவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.

இதைவிட வேடிக்கை, பேய் பிடிக்க வந்த பையன்கள். மூடிய மில்லில் பேய் உலவுவதாக யூடியூபில் போடுவதற்காகக் கேமராவோடு ஒரு கூட்டம் வந்து இறங்கியது. பட்டப்பகல். வெயில் மண்டையைப் பிளக்கிறது. கேமராவில் இருட்டாக்கிக்கொள்ளலாமாம். ஒரு பையன் தலையில் ஈர டவலைப் போட்டுக்கொண்டு, "நண்பர்களே, எனக்குப் பின்னால் ஏதோ ஒரு சத்தம்" என்று நடுங்கினான். பின்னாலிருந்து வந்தது ஆட்சேபணையின் சத்தம்.

"பேயி எந்த ஷிஃப்டுங்க?"

"என்ன சார்?"

"மொத ஷிஃப்டா, ரெண்டாவதா? எந்த டிப்பார்ட்மென்ட்டு? ஸ்பின்னிங்குல யாரும் சாகல, எனக்குத் தெரியும். பேரு கேட்டுக்கிட்டீங்களா?"

"சார், சும்மா ஒரு கன்டென்ட்டுக்காக..."

"வெளிய இருந்து வந்தவகளுக்கெல்லாம் எங்க ஊரு கன்டென்ட்டாப்பா? அங்கிட்டு ஒக்காரு. இது ப்ளோ ரூம், பஞ்சு அடிக்கிற எடம். இது கார்டிங்கு, பஞ்சச் சீவுற எடம். ஒழுங்காப் படம் புடி, நான் சொல்லித் தாரேன்."

பேய்ப் படம் எடுக்க வந்தவர்கள், பஞ்சு நூலாகிற கதையை மூச்சு விடாமல் கேட்டுவிட்டுக் கிறங்கிப்போய்த் திரும்பினார்கள். அந்த வீடியோ வந்ததா என்று தெரியவில்லை. வந்திருக்காது. அதில் பேய் இல்லையே.

இத்தனை வீராப்பும் பேசுகிற மனிதருக்கு ஒரே ஓர் இடத்தில் வாய் அடைத்துப் போகும். அவருடைய ஒரே மகள் செல்வி. அவள் புருஷன் வளைகுடாவில் இருக்கிறான். அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தைக்கிறாள், ஹாஸ்டல் வாசம். அவளுடைய சின்னப் பெண் இங்கே தாத்தா பாட்டியிடம் வளர்கிறது. செல்வி மாதம் ஒருமுறை வந்தால் உண்டு. அந்தக் குழந்தை பாட்டியை 'அம்மா' என்றும், பெற்றவளைத் 'திருப்பூரம்மா' என்றும் கூப்பிட்டது. 'திருப்பூரம்மா' என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் ஆட்சேபணை எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். அதற்கு மட்டும் அவரிடம் மறுப்பு எதுவும் இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு செய்தி வந்தது. சென்னையிலிருந்து ஆயத்த ஆடை கம்பெனி ஒன்று எங்கள் மில் குடோனைப் பார்க்க வருகிறதாம். பிடித்திருந்தால் தையல் யூனிட் போடுவார்களாம். நாங்கள் குடியிருக்கிற மில் தெருவே புது மாப்பிள்ளை வருகிற வீடு மாதிரி ஆகிவிட்டது. செல்வி திருப்பூரிலிருந்து போன் போட்டு, "அப்பா, ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன். அன்னைக்கு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, வாயத் தொறக்காதீங்க" என்றாள். தெருக்காரர்களும் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். பெரிய மனது பண்ணிச் சம்மதித்தார். பேசத்தானே கூடாது, வரவேற்பு பேனர் மட்டும் நான் வைக்கிறேன் என்றார். ஒரு பேனரில் என்ன வம்பு வந்துவிடப்போகிறது என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மில்லில் ஷிஃப்டுக்கு ஊதுகிற சைரனுக்கு எங்கள் தெருவில் 'சங்கு' என்று பெயர். "மொதச் சங்குக்கு ஒல வச்சுரு." "ரெண்டாஞ் சங்கு ஊதிருச்சு, ஒங்கப்பா வந்துருவாரு." நாங்கள் கடிகாரம் பார்த்து வளர்ந்தவர்கள் இல்லை, சங்கு கேட்டு வளர்ந்தவர்கள். சாவு வீட்டிலும் சங்கு ஊதுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மில் தெருவில் சங்கு என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது சோறு. 'மில்லு மறுபடி ஓடும்' என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை. 'மறுபடி சங்கு ஊதும்' என்றுதான் சொல்வோம்.

பேனர் கட்டியாயிற்று. மில் கேட்டுக்கு மேலே, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை.

'எங்கள் ஊருக்கு மீண்டும் சங்கு ஊத வருகை தரும் பெருமக்களே, வருக! வருக! இவண்: மில் தெருப் பொதுமக்கள்.'

நடுவில் ஒரு பெரிய வெள்ளைச் சங்குப் படம். ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கு எப்போதும் வருவது கண்ணீர் அஞ்சலி வேலைதான். அந்தப் பழக்கத்தில், கேட்காமலேயே, இரண்டு பக்கமும் இரண்டு குத்துவிளக்கை எரியவிட்டு, கரையைக் கறுப்பாக அடித்துக் கொடுத்துவிட்டார். தெருவே நின்று படித்தது. படித்தவர்களில் தமிழ் ஆசிரியர்களும் உண்டு. 'வருகை தரும்' சரியா, 'வருகைதரும்' சரியா என்றுதான் பேச்சு நடந்தது. சங்கைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு பெண்மணி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

கார் வந்தது. மேனேஜர் இறங்கினார். நெற்றியில் விபூதி, கையில் மந்திரித்த கயிறு, சகுனம் பார்க்கிற மனிதர் என்று பார்த்ததுமே தெரிந்தது. தலையை நிமிர்த்திப் பேனரைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். முகம் வெளிறிப்போயிற்று.

"யாருங்க இத வச்சது?"

கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையே. ஆட்சேபணை வாயெல்லாம் பல்லாக முன்னால் வந்தார்.

"நாந்தாங்க."

"நாங்க தொழில் தொடங்க வர்றோம். எங்களுக்கா சங்கு ஊதுறீங்க?"

"சேச்சே, நாங்க ஊதக் கூடாதுங்க. நீங்கதான் ஊதணும். நீங்க ஊதுனா நாங்க எல்லாரும் கெளம்பி வந்துருவோம்."

"எங்க வருவீங்க?"

"உள்ளதாங்க. ஆம்பள பொம்பள அத்தன பேரும் வருசையா வந்துருவோம். முன்னெல்லாம் ஒரு நாளைக்கு மூணு தடவ ஊதுவாக. கேக்கவே அம்புட்டுச் சந்தோசமா இருக்கும். ஊதுறது நின்னதுல இருந்து ஊரே களையில்லாமக் கெடக்கு."

மேனேஜர் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். "எத்தன நாளா இப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் மாதிரி கேட்டார். ஆட்சேபணை, "மில்லு மூடுனதுல இருந்தேதாங்க" என்றார் உருக்கமாக. மேனேஜர் குடோன் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. காரில் ஏறினார், போய்விட்டார். கூட வந்த யாரோ பேனரைப் படம் எடுத்திருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் அது தமிழ்நாட்டுச் செல்போன்களில் எல்லாம் சுற்ற ஆரம்பித்தது. 'தொழிலதிபரைச் சங்கு ஊதி வரவேற்ற ஊர்.' 'இதுக்குத்தான்யா அங்க ஒண்ணும் உருப்படல.' என்னோடு படித்து வெளிநாட்டில் இருக்கிற தோழி ஒருத்தி, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மைகளைப் போட்டு எனக்கே அதை அனுப்பினாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஓர் ஊர் தன் வாய்க்கு வந்த நல்ல வார்த்தையால் ஒருவரை வரவேற்றது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று ஒரே ஒரு ஆள் கேட்டிருக்கக் கூடாதா? சிரிக்கத் தெரிகிறது, கேட்கத் தெரியவில்லை. ஆனால் வெளியூர்க்காரர்களை என்ன சொல்வது? உள்ளூரே ஆட்சேபணையின் மேல் பாய்ந்தது. வந்த லட்சுமியை விரட்டிவிட்டார் என்றார்கள். ராசாத்தி அக்கா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். செல்வி போனில் திட்டிய திட்டு ஸ்பீக்கர் போடாமலேயே எங்கள் வீடு வரை கேட்டது. "என்னைய இங்கயே கெடந்து சாகச் சொல்றீங்களாப்பா?" என்று அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாள். போன் ஓய்ந்த பிறகும் அவர் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

அந்த வாரம் பஸ்ஸில் கண்டக்டர், "மூடுன மில்லெல்லாம் வாசலுக்கு வா!" என்றார். ஆட்சேபணை எழுந்து பேசாமல் இறங்கிப் போனார். கண்டக்டரே பயந்துபோய், "பெரியவருக்கு ஒடம்பு சரியில்லையா டீச்சர்?" என்று என்னிடம் கேட்டார்.

சில நாள் கழித்து அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், மெட்ராசு வரைக்கும் போகணும். அந்த மேனேஜரப் பாக்கணும். நீங்க ஒண்ணும் பேச வேணாம். கூட நில்லுங்க, படிச்சவுக ஒருத்தர் நின்னா உள்ள விடுவாக." லீவு போட்டுவிட்டுப் போனேன். ராசாத்தி அக்காவும் வந்தார். பேசத்தான் மாட்டார், தனியே அனுப்பவும் மாட்டார். ஆட்சேபணை கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கேன். மில் கிணற்றுத் தண்ணீராம். எதற்கு என்று கேட்டதற்கு, கேன் மூடியை இன்னொரு சுற்று இறுக்கினார். தூக்க முடியாமல் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கோயம்பேட்டில் பஸ் மாறினார்கள்.

கம்பெனி வரவேற்பறையில் உட்கார வைத்தார்கள். மூலையில் தண்ணீர் கேன்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஆட்சேபணை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் வந்தார். இவரைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். நான் எழுந்து வணக்கம் சொன்னதால் நின்றார்.

"சார், ஒரு நிமிசம். ஒரு வார்த்தையச் சொல்லிட்டுப் போயிர்றோம்" என்றார் ஆட்சேபணை. "எங்க ஊருல சங்குன்னா மில்லு சைரனுங்க. நான் பொறந்ததே ரெண்டாஞ் சங்குக்கு அப்புறம்னுதான் எங்காத்தா சொல்லும். சங்கு ஊதுனா எங்க தெருவுல ஒல கொதிக்கும். புள்ளைக பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பும். ஊதுறது நின்னுச்சு பாருங்க, அன்னைக்குத்தான் சார் எங்க ஊருல சாவு விழுந்துச்சு. நீங்க வந்து மறுபடி ஊதுவீகன்னு நெனச்சு, எங்ககிட்ட இருந்த ஒசந்த வார்த்தையாப் பாத்துத்தான் எழுதுனோம். தப்பா ஆயிருச்சு. எம் மேல கோவப்படுங்க. ஊரு மேல வேணாம்."

மேனேஜர் எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, "சரி பெரியவரே, புரியுது. ஆனா அது மட்டும் பிரச்சனை இல்ல. அந்தப் பக்கம் தண்ணி கஷ்டம்னு ஆபீஸ்ல ஒரு பேச்சு இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். செத்துப் போயிருந்த மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. எழுந்தார்.

"ஆட்சேபணை இருக்குங்க! அதுக்குத்தான் கொண்டாந்திருக்கேன். குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. இது மில்லுக் கெணத்துத் தண்ணி. நாங்க காசு குடுத்து வாங்கல, வாளிய விட்டு எறைச்சோம். ஒங்க மூலையில கவுத்து வச்சிருக்கீகளே கேனு, அது எந்தக் கெணத்துத் தண்ணிங்க? தண்ணிய லாரியில வாங்குற ஊருல ஒக்காந்துக்கிட்டு எங்களத் தண்ணியில்லாத காடுங்குறது நாயமா? நீங்களே சொல்லுங்க."

ராசாத்தி அக்கா அத்தனை நாள் மௌனத்தையும் விட்டுவிட்டு, "மெதுவாப் பேசுங்க, போலீசக் கூப்புட்டுருவாக" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். மேனேஜர் என்ன நினைத்தாரோ, டம்ளரை நீட்டினார். குடித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். "கேட்டுச் சொல்றோம்" என்றார். கேட்டுச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா? மீதித் தண்ணீரை அவர்கள் ஆபீசிலேயே ஊற்றிக் கொடுத்துவிட்டு, காலிக் கேனோடு திரும்பி வந்தோம்.

ஆனால் மழைக்காலம் முடிந்ததும் கம்பெனி வந்தது. கிணற்றுத் தண்ணீரால் வந்தது என்று ஆட்சேபணை சொல்லிக்கொண்டு திரிகிறார். எங்கள் பக்கம் சம்பளம் குறைவாகக் கொடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் என்பது என் கட்சி. எது எப்படியோ, மில் குடோன் சரிப்படவில்லை என்று சொல்லி, மூடிக் கிடந்த தியேட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள். பெஞ்சு டிக்கெட் இருந்த இடத்தில் தையல் மெஷின்கள் வந்தன. டிக்கெட் கவுன்ட்டர் டிபன் பாக்ஸ் வைக்கிற அலமாரியாயிற்று. முதல் ஆளாகச் சேர்ந்தவள் செல்வி. ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு, துணி மூட்டையும் பக்கெட்டுமாக அவள் வந்து இறங்கிய அன்று மில் தெருவில் எல்லார் வீட்டிலும் பாயசம்.

திறப்பு விழா நடந்தது. செல்வி அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பேனர் கிடையாது, பேச்சு கிடையாது. அவரும் கைகட்டிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிகிற நேரத்தில், மேனேஜர் எங்கள் விதி தெரியாமல், "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"இருக்குங்க" என்ற குரல் வந்தது. செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பொம்பளப் புள்ளைக பாத்ரூமு கதவுக்குத் தாப்பா இல்ல. தியேட்டரு காலத்துலயே இல்ல. வேல பாக்குற புள்ளைக ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய காவலு நிக்கணுமா? தாப்பா போடாம மெசின் ஓடக் கூடாதுங்க."

மேனேஜர் நாளைக்குப் போடுகிறோம் என்றார். நாளைக்கு என்றால் எத்தனை மணிக்கு என்றார் இவர். மேனேஜர் முகம் சிவந்தது. இந்த மனிதர் வந்த வேலையையும் கெடுத்துவிடப் போகிறார் என்று தெருவே பல்லைக் கடித்தது. கடைசியில் யாரோ கடைக்கு ஓடினார்கள். தாழ்ப்பாள் வந்தது. பழைய ஃபிட்டர் அதைத் தன் கையாலேயே முடுக்கி, திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "இப்ப ஓட்டுங்க" என்றார். மெஷின்கள் ஓடின.

சாயங்காலம் வேலை விட்டதும் செல்வி வெளியே வந்தாள். அப்பா வாசலில் நின்றார். அவள் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்தார். அவள் பின்னாலேயே திட்டிக்கொண்டு போனாள். "சேந்த மொத நாளே மானத்த வாங்கிட்டீங்களே! கொஞ்சமாச்சும் அறிவிருக்கா ஒங்களுக்கு? சத்தியம் பண்ணுனீங்கல்ல? என்னைய நாளைக்கு வேலைக்கு வராதன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?" கடைத்தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது.

உலகத்தில் ஒரு சொல்லைக்கூட விட்டுக்கொடுக்காத அந்த மனிதர், அவள் சொன்ன எதையும் மறுக்கவில்லை. குனிந்த தலையோடு, ஆனால் முகம் கொள்ளாத சிரிப்போடு நடந்தார். மகள் போனில் திட்டினால் பாதியில் கட்டாகிவிடும். இப்போது பாருங்கள், பக்கத்தில் நடந்துகொண்டே திட்டுகிறாள். நானும் அவர்களுக்குப் பின்னாலேயே வீடு வரை போனேன். அந்தத் திட்டு சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று இருந்தது எனக்கு.